டூ வீல் டிரைவ் டீசல் ட்ரக்கில் ஸ்லெட் இழுக்க: முதலில் எடை, அப்புறம் எஞ்சின்

டூ வீல் டிரைவ், அதாவது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், டீசல் பிக்கப்பை ஸ்லெட் இழுக்கும் போட்டிக்குக் கொண்டுபோக ஆசைப்படுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த டர்போ போடலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது இது: "வண்டியின் முன் அச்சில் எவ்வளவு எடை நிற்கிறது, பின் அச்சில் எவ்வளவு?" பெரும்பாலும் பதில் வராது. அந்த இரண்டு எண்களும் தெரியாமல் டர்போவுக்கு (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சாதனம்) செலவழிக்கும் பணம் முழுவதும் களிமண்ணில் பள்ளம் தோண்டத்தான் போகும்.

நான் இருப்பது இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸில், கம்மின்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் உள்ள ஊர். டீசல் எஞ்சின் வேலைக்காகவே இங்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வாரநாட்களில் எனக்கும் எஞ்சின்தான் பிழைப்பு. கோடை வந்துவிட்டால் வார இறுதிகளில் பக்கத்துப் பண்ணைக்காரரின் ட்ரக்குக்கு ஸ்பானர் பிடிக்கப் போய்விடுவேன். இந்தப் பக்கத்தில் ஜூலை, ஆகஸ்டில் கவுண்டி ஃபேர் (மாவட்டத் திருவிழா) என்றால் இழுவைப் போட்டி இல்லாமல் இருக்காது. ஒஹையோவின் பௌலிங் கிரீனில் 1967 முதல் தேசிய டிராக்டர் இழுவைப் போட்டி நடக்கிறது. தேசிய டிராக்டர் இழுப்போர் சங்கம் 1969-இல் உருவானது. நான் சொல்லப்போவது அந்தப் பெரிய மேடைக்கு இல்லை. உள்ளூர் ஃபேரில், ஊர்க்காரர்கள் முன்னால், தெருவில் ஓடும் ஒரு ட்ரக்கை ஒழுங்காக நிறுத்துவதற்கு.

போட்டியைப் பார்த்திராதவர்களுக்காக ஸ்லெட்டைப் பற்றிக் கொஞ்சம். ஸ்லெட் என்பது பின்னால் சக்கரங்களும் முன்னால் தரையில் உரசும் ஓர் அகலமான இரும்புத் தட்டும் கொண்ட நீளமான வண்டி. அதன் மேல் எடை நிரப்பிய பெட்டி இருக்கும். புறப்படும்போது பெட்டி பின்சக்கரங்களுக்கு மேலே நிற்கும், அதனால் ஸ்லெட் லேசாக உருளும். வண்டி இழுக்க இழுக்க, ஸ்லெட்டின் சக்கரங்களே சங்கிலி வழியாகப் பெட்டியை முன்னால் ஏற்றிக்கொண்டு வரும். பாரம் தட்டின் மேல் ஏறும், தட்டு மண்ணில் அழுந்தும், கடைசியில் உங்கள் வண்டி நின்றுவிடும். எத்தனை அடி போனீர்கள் என்பதுதான் மதிப்பெண். வழக்கமாக 300 அடி, அதாவது ஏறக்குறைய 91 மீட்டர், போய்விட்டால் ‘ஃபுல் புல்’. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அந்தத் தூரத்தைத் தொட்டால், ஸ்லெட்டை இன்னும் கடினமாக்கி மறுபடி இழுக்க வைப்பார்கள்.

ஃபோர் வீல் டிரைவ்காரர்கள் மூக்கில் எடையைத் தொங்கவிடுவதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே செய்யக் கூடாது. அவர்களுக்கு முன்சக்கரமும் இழுக்கிறது. நமக்கு முன்சக்கரம் இருப்பது திருப்புவதற்கு மட்டும். அங்கே தேவைக்கு மேல் நிற்கும் எடை சும்மா சவாரி போகிறது. இந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான்.

எந்த வண்டி?

என் கை பழகியது 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம் 2500, 3500. அதில் இருப்பது 5.9 லிட்டர், பன்னிரண்டு வால்வு கம்மின்ஸ். டீசலைப் பாய்ச்சுவது பாஷ் பி7100 இன்லைன் பம்ப், முழுக்க இயந்திரம்தான். லேப்டாப் தேவையில்லை, ஸ்பானரும் ஃபீலர் கேஜும் போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடப் புரிந்துகொள்ள எளிதான டீசல் எனக்குத் தெரியாது. ஒரே சங்கடம், எஞ்சின் மட்டுமே சுமார் 1,100 பவுண்டு. அத்தனையும் நமக்கு வேண்டாத முன்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கேபின் சிறியதாக, ஒற்றைக் கதவு வரிசையோடு இருக்கும் வண்டியாகப் பாருங்கள். நீளப் படுக்கையோடு (பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி) வரும் அந்த ரெகுலர் கேபின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், ஏறக்குறைய 135 அங்குலம், நீண்ட கேபினில் 155. வீல்பேஸ் குறைந்தால் இழுக்கும்போது பின்னால் மாறும் எடை கூடும். மேனுவல் வண்டிகளில் பெரும்பாலும் டானா 80 என்ற பலமான பின் அச்சு வரும், அது இருந்தால் பெரிய நிம்மதி.

வண்டியில் கை வைக்கும் முன்பு உங்கள் பகுதிச் சங்கத்தின் விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்துவிடுங்கள். டூ வீல் டிரைவ் டீசலுக்கு எல்லா ஊரிலும் தனிப் பிரிவு கிடையாது. சில இடங்களில் பெட்ரோல் வண்டிகளோடு சேர்த்துவிடுவார்கள். கொக்கியின் உயரம், மொத்த எடை, அச்சிலிருந்து கொக்கிக்கான தூரம், டயர் வகை, டர்போ அளவு எல்லாம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். நான் கீழே சொல்லும் 26 அங்குலக் கொக்கி, தெரு டயர் என்பதெல்லாம் உள்ளூர் தெரு வண்டிப் பிரிவுகளில் பரவலாக இருப்பவை. உங்கள் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் சட்டம்.

எடைமேடைக்குப் போங்கள்

நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் அச்சு வாரியாக எடையைத் தனித்தனியே அச்சடித்துத் தரும். போட்டி நாளில் எவ்வளவு டீசல் வைத்திருப்பீர்களோ அவ்வளவு நிரப்பி, ஓட்டுபவர் உட்கார்ந்தபடி எடை போடுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. வசதிக்காக முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். வண்டி 7,500 பவுண்டு, அதில் 55 சதவீதம் முன்னால். அதாவது முன் 4,125, பின் 3,375. வீல்பேஸ் 135 அங்குலம், கொக்கி தரையிலிருந்து 26 அங்குலம், பின் அச்சுக்கு 50 அங்குலம் பின்னால். ஸ்லெட் 5,000 பவுண்டு விசையோடு பின்னால் இழுக்கிறது என்று வைப்போம். அந்த விசையை உயரத்தால் பெருக்கி வீல்பேஸால் வகுத்தால், முன்னாலிருந்து சுமார் 960 பவுண்டு பின்னால் போகிறது. சங்கிலி ஸ்லெட்டின் அடிப்பக்கத்திலிருந்து மேலேறி நம் கொக்கிக்கு வருவதால் கொஞ்சம் கீழ்நோக்கியும் இழுக்கும். அது 500 பவுண்டு என்றால், கொக்கி அச்சுக்குப் பின்னால் இருப்பதால் பின்சக்கரத்தில் 685 ஏறும், முன்னால் 185 குறையும். ஆக, இழுக்கும் நேரத்தில் பின் அச்சில் சுமார் 5,020. முன் அச்சில் இன்னமும் 2,980 சும்மா நிற்கிறது!

அதே வண்டியில் ஒரு பவுண்டும் கூட்டாமல், இருக்கும் எடையைப் பின்னால் நகர்த்தி முன்பக்கத்தை 45 சதவீதமாக்கினால், பின் அச்சில் 5,770 கிடைக்கும். இழுக்கும் டயர்களின் மேல் 750 பவுண்டு அதிகம், அதாவது பதினைந்து சதவீதப் பிடிமானம். இதற்குக் குதிரைசக்தி ஒன்றுகூட வேண்டியதில்லை.

எப்படி நகர்த்துவது? இந்த ட்ரக்கில் பேட்டரி இரண்டு, இரண்டும் முன்னால். ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்டுக்கு மேல். விதி அனுமதித்தால் இரண்டையும் படுக்கையில், அச்சுக்குப் பின்னால் பெட்டி கட்டி வையுங்கள். கேபிள் நீளம் கூடுவதால் தடிமனான கேபிளாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் முனகும். தேவையில்லாத ஏசி கம்ப்ரசர், முன்பக்கக் கம்பி அலங்காரம், வின்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். மீதியை எடைக்கட்டையால் சரிசெய்ய வேண்டும். பண்ணைகளில் டிராக்டரின் மூக்கில் மாட்டும் நூறு பவுண்டு சூட்கேஸ் வெயிட் சுலபமாகக் கிடைக்கும். அதைப் பின் அச்சுக்கு 48 அங்குலம் பின்னால் வைத்தால், பின்சக்கரத்தில் ஏறுவது 100 இல்லை, 135. முன்னால் 35 குறைகிறது. எங்கே வைக்கிறோம் என்பதே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. எடைக்கட்டை எதுவாக இருந்தாலும் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மணல் மூட்டை, கான்கிரீட் துண்டு, கயிற்றுக் கட்டு எதுவும் கூடாது. எல்லாம் குதிக்கும் அந்தப் பத்து விநாடியில் நூறு பவுண்டு இரும்பு கேபினுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதிகமாக நகர்த்தினாலும் ஆபத்து. முன்சக்கரம் தூக்கிவிட்டால் ஸ்டியரிங் போய்விடும், வண்டி ஓரத்துக் கோட்டைத் தாண்டும், தகுதியிழப்பு. 45 சதவீதத்தில் தொடங்குங்கள். நண்பர் ஒருவரை ஓடுதளத்தின் பக்கவாட்டில் நிறுத்தி, உங்கள் முன் டயரை மட்டும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கடைசி ஐம்பது அடியில் முன் டயர் பாரமில்லாமல் மண்ணைத் தொட்டும் தொடாமலும் உருள்கிறது என்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நன்றாக அழுந்தித் தடம் பதிக்கிறதா, இன்னும் ஒரு கட்டை பின்னால் போகலாம்.

எடையை இடமும் வலமும் சரிசமமாகப் பிரிப்பவர்கள் உண்டு. நான் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைப்பேன். கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயின்ட் ஷாஃப்ட் சுழலும் முறுக்கத்தில் வலது பின்சக்கரம் இலேசாகும். இடது டயர் கடித்துக்கொண்டிருக்க, வலது டயர் மட்டும் சறுக்கும். இரண்டு கட்டைகளை இடமிருந்து வலம் மாற்றினாலே தடத்தில் வித்தியாசம் தெரியும்.

கொக்கியும் பின் ஸ்பிரிங்கும்

இங்கேதான் பலர் தெரியாமல் தூரத்தை இழக்கிறார்கள். விதி 26 அங்குலம் தருகிறது, வண்டி நிற்கும்போது 26 வைக்கிறார்கள். பாரம் ஏறியவுடன் பின் ஸ்பிரிங் அமுங்கி, கொக்கி 23-க்கு இறங்கிவிடுகிறது. மேலே போட்ட கணக்கில் 26-க்குப் பதில் 23 போட்டுப் பாருங்கள். பின்னால் மாறும் எடை நூறு பவுண்டுக்கு மேல் குறையும். சங்கிலியின் சரிவும் குறைவதால் கீழ்நோக்கிய இழுப்பும் போகும். அதோடு முன்பக்கம் ஆறு அங்குலம் எழும்பினால், அச்சுக்கு 50 அங்குலம் பின்னால் இருக்கும் கொக்கி இன்னும் இரண்டு அங்குலம் தாழும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமதரையில் நிறுத்தி, கொக்கியின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். படுக்கையில் 1,500 பவுண்டு ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். இறங்கிய தூரத்தைத்தான் நீங்கள் இழந்துகொண்டிருக்கிறீர்கள். தீர்வு, பின் சஸ்பென்ஷனை அசையாமல் முட்டுக்கொடுப்பது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, பம்ப் ஸ்டாப் (அச்சு சேஸிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர்) இருக்கும் இடத்தில், தடித்த சதுரக் குழாயை வெட்டி, மேலும் கீழும் தகடு வைத்துப் பொருத்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். தெருவில் ஓட்டும்போது கழற்றிவிடும்படி போல்ட்டில் வைத்தால் இடுப்பு தப்பிக்கும். முட்டுக்கொடுத்த பிறகு கொக்கியை மறுபடி அளந்து, விதிக்குக் கால் அங்குலம் கீழே நிறுத்துங்கள். டயர் காற்று ஏறி இறங்கினாலும் பரிசோதகரின் அளவுகோலில் மாட்டமாட்டீர்கள்.

கூடவே டிராக்ஷன் பார் வேண்டும். முறுக்கத்தில் அச்சு தானே சுழலப் பார்க்கும். லீஃப் பட்டைகள் எஸ் வடிவில் வளைந்து, திமிறி, மறுபடி வளையும். வண்டியின் பின்பக்கம் குதிரை மாதிரி துள்ளுவது இதனால்தான். அப்படித் துள்ளிய வண்டியில், ஜாயின்ட் ஷாஃப்டின் முனையில் இருக்கும் யூ-ஜாயின்ட் மிஞ்சுவது அபூர்வம். அச்சிலிருந்து சேஸிஸுக்கு நீளமான ஒரு பார், பக்கத்துக்கு ஒன்று, நல்ல வெல்டரைக் கொண்டு போடுங்கள்.

கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பம்பரில் மாட்டிய இழுவைக் குண்டு இதற்கு ஆகாது. கொக்கி எந்தத் திசையிலும் அசையக் கூடாது. சேஸிஸின் இரண்டு நீள உத்திரங்களோடும் போல்ட் போட்டு, அங்கிருந்து முன்னோக்கி இரண்டு தாங்குகம்பிகள் ஓட வேண்டும். ஸ்லெட்காரரின் கொக்கி நுழையும் துளையின் அளவையும் விதிப்புத்தகம் சொல்லும்.

டயரும் டிஃபரன்ஷியலும்

தெரு பிரிவில் சாலை முத்திரை உள்ள டயர்தான், வெட்டித் திருத்தக் கூடாது. மண் டயரின் பெரிய கட்டைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். நன்றாக உருட்டி இறுக்கிய களிமண்ணில், நெருக்கமான கட்டைகள் உள்ள ஆல்-டெரெய்ன் டயர் பெரும்பாலும் நன்றாகவே கடிக்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் அனுமதியா என்று பாருங்கள். அனுமதி இருந்தால் டூ வீல் டிரைவுக்கு அது பெரிய வரம்.

காற்றழுத்தத்துக்கு ஒரே எண் கிடையாது. 35 பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) தொடங்கி, இரண்டிரண்டாகக் குறைத்து, இழுத்து முடித்த பிறகு தடத்தைப் போய்ப் பாருங்கள். கட்டைகளின் அச்சு தெளிவாக, ஓரம் முதல் ஓரம் வரை விழுந்திருந்தால் நல்லது. நடுவில் மட்டும் ஆழமாக இருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் மட்டும் பதிந்திருந்தால் குறைவு. ரிம்மின் மேல் டயர் மட்டும் தனியாகச் சுழன்றுவிட்டதா என்று கண்டுபிடிக்க, டயரிலும் ரிம்மிலும் நேர்கோடாகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரண்டு கோடும் விலகியிருந்தால் காற்றைக் கூட்ட வேண்டிய நேரம்.

டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) திறந்த வகையாக இருந்தால், ஒரு சக்கரம் சறுக்கியதுமே மற்ற வேலையெல்லாம் வீண். இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலவைக்கும் லாக்கர் போட்டே ஆக வேண்டும்.

கியர்

ஃபோர் வீல் டிரைவ்காரருக்கு லோ ரேஞ்ச் (எல்லா கியரையும் இன்னும் மெதுவாக்கும் கூடுதல் கியர்) இருக்கிறது, நமக்கு இல்லை. அதனால் இருக்கும் கியருக்குள்தான் வேகத்தைத் தேட வேண்டும். இந்த வண்டியின் ஐந்து கியர் மேனுவலில் (என்வி4500) முதல் கியர் விகிதம் 5.61, இரண்டாவது 3.04, மூன்றாவது 1.67. பின் அச்சு விகிதம் 4.10, டயர் சுமார் 31.6 அங்குலம் என்றால், இரண்டாவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது சக்கர வேகம் மணிக்கு 19 மைல். 3,400 சுற்றுக்கு 25 மைலுக்கு மேல். மூன்றாவதில் 2,500 சுற்றிலேயே 34 மைல் வந்துவிடும், ஆனால் புறப்படும்போது எஞ்சின் திணறும். தெரு வண்டிக்கு இரண்டாவது கியர்தான் என் தேர்வு. அதில் எஞ்சின் மேலே சுற்றத் தெரிய வேண்டும். அச்சு விகிதம் 3.54 ஆக இருந்தால் வேகம் கூடும், புறப்பாடு கடினமாகும். கையில் காசு இருந்தால் 4.10-க்கு மாறுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 2.45. 3,000 சுற்றுக்கு 28 மைல், அழகான வேகம். பிரேக்கை அழுத்திக்கொண்டே டர்போவில் அழுத்தம் ஏற்றியும் புறப்படலாம். ஆனால் எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் கம்பெனி கன்வெர்ட்டர் இந்த முறுக்கத்தைத் தாங்காது. பலமான கன்வெர்ட்டரும், கியர் மாற்றும் எண்ணெய் அழுத்தத்தை ஆளும் வால்வ் பாடியும் போடாமல் போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். மேனுவலுக்கும் அதே கதைதான், இரட்டைத் தட்டு கிளட்ச் வேண்டும். என்வி4500-இல் ஐந்தாவது கியரின் நட்டு தளர்ந்து பின்வாங்கும் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. பெட்டியை இறக்கும்போது அதையும் பூட்டிவிடுங்கள்.

இனி எஞ்சின்

முதலில் டோவல் பின். பன்னிரண்டு வால்வு கம்மின்ஸின் முன்பக்க கியர் உறையைப் பிளாக்கோடு நேராகப் பொருத்த ஒரு சின்ன இரும்பு முளை இருக்கும். வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே வந்து டைமிங் கியர்களுக்குள் விழுந்தால், உறை உடையும், எஞ்சினும் போகும். இதற்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் ‘கில்லர் டோவல் பின்’. முன் மூடியைக் கழற்றி, முளை வெளியே நீட்டியிருந்தால் தட்டி உள்ளே இறக்கி, பக்கத்துப் போல்ட்டின் அடியில் ஒரு சின்னத் தகட்டை வைத்து அதன் வாயை அடைத்துவிட்டால் ஆயுளுக்கும் கவலையில்லை. செலவு சொற்பம். எஞ்சின் அதிகச் சுற்றுக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.

அடுத்தது கவர்னர் ஸ்பிரிங். கவர்னர் என்பது எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றாமல் டீசலைக் கட்டுப்படுத்தும் பகுதி. கம்பெனி அமைப்பில் 2,500 சுற்றுக்கு மேல் பம்ப் டீசலைக் குறைக்கத் தொடங்கும். நமக்குச் சக்கர வேகம் வேண்டிய இடத்திலேயே மூச்சு நின்றுவிடும். கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினால் 3,000-க்கு மேலும் முழு டீசல் கிடைக்கும். போடுகிற செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு ஈடு இல்லை. அப்படி மேலே சுற்றப்போகிறது என்றால் வால்வ் ஸ்பிரிங்கும் பலமானதாக மாற வேண்டும். பழைய ஸ்பிரிங்கால் வால்வைப் பிடித்து மூட முடியாது.

அப்புறம் டீசல் அளவு. அதிகபட்ச டீசலுக்கு எல்லை வைக்கும் ஃப்யூவல் பிளேட்டை மாற்றலாம், ஏஎஃப்சி (டர்போ அழுத்தத்துக்கு ஏற்ப டீசலை அளக்கும் பகுதி) உறையை முன்னால் நகர்த்தலாம், அதிலுள்ள நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டர்போ அழுத்தம் ஏற ஏற டீசல் எவ்வளவு சீக்கிரம் கூட வேண்டும் என்று சரிசெய்யலாம். கரும்புகை கூட்டத்துக்குப் பிடிக்கும். எனக்கு அது எரியாமல் போன டீசல், அவ்வளவுதான். ஏஎஃப்சியை டர்போவோடு சேர்ந்து எழும்படி வையுங்கள். டூ வீல் டிரைவில் திடீரென்று வரும் சக்தியைவிட, சீராக ஏறும் சக்திதான் தூரம் போகும்.

இன்ஜெக்‌ஷன் டைமிங்கை (பிஸ்டன் உச்சியைத் தொடும் முன் டீசல் பாயத் தொடங்கும் கோணம்) பதினாறு, பதினேழு டிகிரி வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் போக ஆசை என்றால், டர்போ அழுத்தத்தையும் சேர்த்து யோசித்து, ஹெட் போல்ட்டுகளுக்குப் பதில் ஸ்டட் போட்டுவிட்டுத் தொடருங்கள். கம்பெனி ஹெச்எக்ஸ்35 டர்போவை 35 பிஎஸ்ஐ வரை நம்பலாம். அதைத் தாண்டினால் சூடான காற்றுதான் வரும்.

டேஷ்போர்டில் இரண்டு மீட்டர் கட்டாயம்: டர்போ அழுத்தம், எக்ஸாஸ்ட் வெப்பம். வெப்பத்துக்கான முனையை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டிலேயே பொருத்துங்கள். அலுமினியம் உருகுவது 1,220 டிகிரி ஃபாரன்ஹீட்டில். பிஸ்டன் அலுமினியம். பத்து விநாடிக்கு 1,500 தொடுவதை நான் பொறுத்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால், அடுத்த இழுப்புக்கு முன் டீசலைக் குறைத்துவிடுவேன்.

உயிர் காக்கும் சாமான்கள்

இன்லைன் பம்பில் டீசல் அளவை மாற்றும் ராக் என்ற தண்டு சிக்கிக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது, சுற்றிக்கொண்டே ஏறும். காற்றை அடைப்பதுதான் ஒரே வழி. அதனால் காற்றுக் குழாயில் கில்லட்டின் மாதிரி விழும் தகடு வேண்டும். அதன் கேபிள் வண்டியின் பின்னால் வந்து ஸ்லெட்டோடு மாட்டப்படும். சங்கிலி அறுந்து வண்டி பிய்த்துக்கொண்டு ஓடினால் கேபிள் இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். ஓட்டுபவர் கைக்கெட்டும் இடத்திலும் ஒரு பிடி வையுங்கள். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும், எஞ்சின் ஓடும்போதே அதை இழுத்துப் பாருங்கள். இழுக்காமல் நம்புவது நம்பிக்கையே இல்லை.

எக்ஸாஸ்ட் குழாயில், டர்போவை ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு போல்ட்டுகள் போடச் சொல்வார்கள். டர்போ வெடித்தால் துண்டுகள் கூட்டத்தின் மேல் பறக்காமல் இருக்க. ஜாயின்ட் ஷாஃப்டைச் சுற்றி வளையம், யூ-ஜாயின்ட்டுகளுக்கு இரும்பு மறைப்பு, கிளட்ச் வீட்டுக்குப் பாதுகாப்பு உறை, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், ஹெல்மெட், சீட் பெல்ட். இதில் எதிலும் பேரம் பேசாதீர்கள்.

ஓட்டும் நேரம்

முன்னால் போன வண்டிகளைப் பாருங்கள். எல்லோரும் எந்தத் தடத்தில் பள்ளம் தோண்டினார்கள், எந்தப் பக்கம் மண் இருண்டு ஈரமாக இருக்கிறது என்று கவனித்து, உங்கள் பின் டயர்கள் தோண்டாத மண்ணில் போகும்படி வண்டியை நிறுத்துங்கள். முதலில் இழுப்பவருக்குத் தடம் தெரியாது. அதனால்தான் அவருக்கு மறுபடி இழுக்கும் வாய்ப்பைத் தருவது வழக்கம்.

சங்கிலி மாட்டியதும் ஊர்ந்து போய் அதை இறுக்குங்கள். சுண்டி இழுக்கக் கூடாது. முன்சக்கரங்கள் நேராக இருக்கட்டும். பச்சைக் கொடி வந்ததும் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி, கிளட்சைச் சீராக விட்டு, வண்டி நகர்ந்த பிறகுதான் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்த வேண்டும். முதல் முப்பது அடியில் டயர் சுழன்றுவிட்டால் அங்கேயே குழி விழுந்துவிடும். அதற்கப்புறம் உருட்டி எடுப்பது சிரமம். நகர்ந்துவிட்டால் தயங்காதீர்கள். பெட்டி முன்னால் ஏறுவதற்குள் எவ்வளவு வேகம் சேர்க்கிறோமோ, அதுதான் கடைசி அடிகளை வாங்கித் தரும்.

முன்பக்கம் தூக்கினால் காலை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், தொப்பென்று விழுந்து முன் சஸ்பென்ஷன் அடிவாங்கும். கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வண்டி துள்ள ஆரம்பித்தால் மட்டும் யோசிக்காமல் விட்டுவிடுங்கள், இன்னும் பத்து அடிக்கு ஆசைப்பட்டு அச்சை உடைக்க வேண்டாம். முன்னேற்றம் நின்றதும் கிளட்சை மிதியுங்கள். சிவப்புக் கொடியைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். ஆட்கள் சங்கிலியைக் கழற்றச் சொல்லும்வரை பின்னால் ஓர் அங்குலம்கூட நகராதீர்கள்.

வெளியே வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல், வெப்பமானி 400-க்குக் கீழே வரும்வரை சும்மா ஓட விடுங்கள். டர்போவின் பேரிங்குக்கு அப்போதுதான் எண்ணெய் தேவை. அப்புறம் அடியில் படுத்து, யூ-ஜாயின்ட் தொப்பிகள், டிராக்ஷன் பார் வெல்டுகள், கொக்கிப் போல்ட்டுகள், முட்டுக்கட்டையின் தகடுகள் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, தளர்ந்ததை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எத்தனை அடி, எத்தனை பிஎஸ்ஐ காற்று, எந்த இடத்தில் எத்தனை எடைக்கட்டை, அதிகபட்ச வெப்பம் எவ்வளவு என்று எடைச்சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிவிட்டு, அடுத்த முறை இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.